பின்வரிசையில் நின்றவர்கள்

அந்த ஞாயிறு ஆராதனைக்கு வட்டத் தலைவர் வருவதால் டீச்சர் வழக்கத்தைவிட முன்னதாகவே எழுந்து, போதகரின் வெள்ளை அங்கிக்கு இஸ்திரி போட்டு வைத்தாள். இரண்டு முறை போட்டாள். முதல் முறை போட்டதை மறந்துவிட்டாள்.

டீச்சர் போதகரின் மனைவி. பாலர் பள்ளியில் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதால் ஊரே அவளை அப்படித்தான் கூப்பிடும். கோபம் வந்தால் போதகரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

சுற்றுவட்டாரத்துச் சபைகளுக்கெல்லாம் பொறுப்பு வட்டத் தலைவர்தான். இந்தச் சபையை வைத்திருப்பதா, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய சபையோடு சேர்த்துவிடுவதா என்று அவர் சொல்வதுதான் முடிவு. அதற்காகத்தான் வருகிறார் என்று போதகருக்குத் தெரியும். சபைக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கூரை விரிசல் விட்ட பழைய ஆலயத்தை இடித்துப் புதிது கட்ட ஆரம்பித்தபோது சபை இன்னும் கொஞ்சம் பெரியதாக இருந்தது. சுவர் எழும்ப எழும்ப ஆள் குறைந்தது. இளசுகள் வேலை தேடிப் போனார்கள். கைக்குழந்தைக்காரர்கள் ஏசியும் திரையும் இருக்கிற பெரிய சபைக்குப் போனார்கள். எஞ்சியவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம். "கட்டடம் வளருது, நாம தேயறோம்" என்று சலவைக்கடை அக்கா ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னபோது, பக்கத்தில் நின்ற அவள் தங்கைகூடச் சிரிக்கவில்லை.

கட்டடம் வளர்ந்ததற்குக் காரணம் இளையவன். போதகரின் தம்பி, கட்டட மேஸ்திரி. போன மழைக்காலத்தில் அவன் மனைவி, டீச்சரின் ஓரகத்தி, வீட்டைப் பூட்டிப் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவள்தான். திரும்பி வரவில்லை. போனைக்கூட எடுத்துப் போகவில்லை. குடும்பத்தில் அவளைச் 'சின்னவள்' என்பார்கள். பிறந்த குழந்தை தங்காமல் போனதிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் இரண்டு ஊமைகளாக இருந்தார்கள் என்பது டீச்சருக்குத் தெரியும். அவள் போன பிறகு இளையவன் இந்த ஆலயத்திலேயே கிடந்தான். ஆனால் ஆராதனை நேரத்தில் மட்டும் உள்ளே காலை வைக்க மாட்டான்.

மனைவியைக் காணவில்லை என்று அவன் புகார் கொடுத்திருந்ததால், போன வாரம் அவனுக்கு வெளியூர் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. யாரும் உரிமை கோராத ஒரு பெண்ணின் உடல் இருக்கிறது, வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "அவ இல்லை" என்று ஒரு வார்த்தை சொன்னான். கை கழுவிச் சாப்பிட்டான். வீடு அன்றைக்குத்தான் மூச்சு விட்டது.

இத்தனையையும் மனதில் போட்டுக்கொண்டுதான் டீச்சர் ஆலயத்துக்கு நடந்தாள்.

கூரை போட்டாகிவிட்டது. சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை. ஜன்னல்களில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாள்கள் காற்றுக்கு உப்பி உப்பி அடங்கின. முகப்பு வாசலுக்குப் படி வைக்கவில்லை. இடுப்பளவு உயரத்தில் வெறும் வாய் மாதிரித் திறந்து கிடந்தது. யாரும் விழுந்துவிடக் கூடாதென்று குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். அதனால் எல்லோரும் பீடத்தின் பக்கவாட்டில் இருக்கிற சின்னக் கதவு வழியாக, பலகை மேல் ஏறி உள்ளே வருவார்கள். வந்தவுடன் முன்வரிசை நாற்காலிகள். உட்கார்ந்துவிடுவார்கள். அதற்குப் பின்னால் மண்டபம் நீளமாக, ஈரச் சிமெண்ட் வாசனையோடு, காலியாகக் கிடக்கும்.

மணல் குவியல் மேல் படுத்துப் புரளுகிற தெருநாய்கள்கூட அந்தக் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. டீச்சர் அதை இன்றைக்குத்தான் கவனித்தாள்.

இளையவன் கூரைக்கு மேலே நின்று குழாயால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். அங்கே புதிதாகக் கட்டிய கைப்பிடிச் சுவர் சீக்கிரம் காய்ந்தால் விரிசல் விடுமாம்.

"தம்பி, இன்னிக்கு ஒருநாளாவது கீழ வந்து உக்காரலாமே. ஒரு தலை கூடுதலாத் தெரியும்."

"என் தலையை எண்ணியா சபையை விட்டு வைக்கப் போறார், அண்ணி? நீங்க பாடுங்க. எனக்கு இங்கேயே கேக்கும்."

வட்டத் தலைவர் வந்தார். ஒல்லியான, நரைத்த மனிதர். யாரையும் அவசரப்படுத்தாத குரல். அவருக்குப் பீடத்தின் ஓரத்தில், சபையைப் பார்த்த மாதிரி ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். டீச்சரின் கீபோர்டு பீடத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. சபை அவள் முதுகுக்குப் பின்னால்.

முதல் பாட்டை ஆரம்பித்தாள். ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் வழக்கம்போல எல்லோரையும் முந்திக்கொண்டு பாடினார். சலவைக்கடைச் சகோதரிகள் வழக்கம்போல அவரைத் துரத்தினார்கள். கண்டக்டரும் அவர் மனைவியும் வாயசைத்தார்கள்.

இரண்டாம் சரணத்தில் டீச்சருக்கு ஏதோ உறுத்தியது.

சத்தம் அதிகமாக இருந்தது. வெறும் கட்டடம், எதிரொலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் எதிரொலி பாடின குரலையே திருப்பித் தரும். இது அப்படி இல்லை. டிரைவரின் அவசரமும் அதில் இல்லை, சகோதரிகளின் கீச்சும் இல்லை. முன்னால் பாடுகிறவர்கள் வரியை முடித்த பிறகு, ஒரு மூச்சு தள்ளி, நிதானமாக, நிறையப் பேர் அதே வரியை முடித்தார்கள்.

அவள் கட்டைகளை விடாமல் அழுத்தினாள்.

மூன்றாம் சரணத்தில் அந்தக் கூட்டத்துக்கு அடியில் ஒரு குரல் தனியாகக் கேட்டது. கீழ்ஸ்தாயியில், பெண் குரல். அந்தப் பாட்டுக்குக் கீழ்க்குரல் பாடத் தெரிந்தவர்கள் இந்தச் சபையில் இப்போது யாரும் இல்லை. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். கழுத்து அசையவில்லை.

நிமிர்ந்து வட்டத் தலைவரைப் பார்த்தாள். அவர் பின்வரிசைப் பக்கம் பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். கையை நீட்டி, "முன்னால வாங்க, இடம் இருக்கு" என்கிற மாதிரிச் சாடை காட்டினார். தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்த கண்டக்டர் எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்து உட்கார்ந்தார்.

போதகர் பிரசங்கம் செய்தார். நன்றாகத்தான் செய்தார். ஆனால் அவர் கண் முன்வரிசையைத் தாண்டவே இல்லை. சாலையில் பள்ளம் பார்த்து நடக்கிறவர் மாதிரி, பார்வையைத் தாழ்த்தியே பேசி முடித்தார்.

ஆராதனை முடிந்தது. டீச்சர் ஒருவழியாகத் திரும்பிப் பார்த்தபோது மண்டபம் நீளமாகக் காலியாக இருந்தது. கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. பிளாஸ்டிக் தாள்கள் அசையாமல் தொங்கின.

பக்கத்தில் கதவு போடாத சின்ன அறையில் வட்டத் தலைவருக்கு டீ கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"போதகர் ஐயா, நான் ஒண்ணு நினைச்சு வந்தேன், இங்க பார்த்தது வேற. ஆளே இல்லைன்னுதான் எனக்குச் சொல்லியிருந்தாங்க."

போதகர் தன் டீயைக் கையில் எடுத்தார்.

"ஆனா ஒரு குறை சொல்லணும். அத்தனை பேரையும் கடைசி வரைக்கும் நிக்க வச்சுட்டீங்களே. முன்னால நாற்காலி சும்மா கிடக்குது. கூப்பிட்டாலும் வர மாட்டேங்கறாங்க. அதுல ஒருத்தர், பாவம், வயசானவர். ஒரு பக்கத் தோள் நல்லா இறங்கியிருக்கு. தொப்பியைக் கழட்டி நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு நின்னார்."

டீச்சர் கையிலிருந்த தட்டை மெதுவாக மேஜை மேல் வைத்தாள். வாழ்நாளெல்லாம் ஆலய மணிக்கயிற்றை இழுத்தே ஒரு தோள் இறங்கிப்போன மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் அடக்க ஆராதனையில் பாடியது அவள்.

'இப்போது இவர் சொல்லிவிடுவார்' என்று நினைத்துக் கணவரைப் பார்த்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். கடன் கேட்டு வருகிறவர்களிடம் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னால்கூட, "உள்ளதான் இருக்கேன், தர்றதுக்குத்தான் இல்லை" என்று கத்துகிறவர். அந்த மனிதர் தன் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் அந்தக் கீழ்க்குரல். ரொம்ப நாளாச்சு அப்படி ஒரு குரல் கேட்டு," என்றார் வட்டத் தலைவர். "யாரு அந்தப் பொண்ணு? கழுத்துல கையை வச்சுக்கிட்டே பாடிச்சே."

டீச்சரின் கை தன்னையறியாமல் தன் கழுத்துக்குப் போனது.

சின்னவளுக்குச் சிறு வயதிலேயே ஒரு காது போய்விட்டது. சுருதி சேர்ந்திருக்கிறதா என்று தொண்டையில் கை வைத்து, அதிர்வைத் தொட்டுத்தான் பாடுவாள். வேறு யாரும் அப்படிப் பாடி டீச்சர் பார்த்ததில்லை.

வாசலில் நிழல் தட்டியது. இளையவன் நின்றிருந்தான். முழங்கால் வரை நனைந்திருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. கையிலிருந்த குழாய்த் துண்டைச் சுவரோரமாகச் சத்தம் வராமல் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போனான்.

டீச்சர் பின்னாலேயே போனாள். ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தம்பி."

"எனக்கும் கேட்டுச்சு அண்ணி. மேல தண்ணி விட்டுக்கிட்டு நிக்கறேன், காலுக்கு அடியில அவ குரல். பிரமைன்னு நினைச்சேன். அதான் இறங்கி வந்தேன்."

"பிரமையாத்தான் இருக்கும். நீதான் ஆஸ்பத்திரிக்கே போய்ப் பார்த்துட்டு, அவ இல்லைன்னு வந்து சொன்னியே."

அவன் நிமிர்ந்து பார்த்தான். 

"முகம் தெரியல அண்ணி. தண்ணியில ரொம்ப நாள் கிடந்திருக்கு. உயரம் சரியா இருந்துச்சு. முடி சரியா இருந்துச்சு. ஆமான்னு சொல்ல வாய் வரல. இல்லைன்னுட்டேன். இல்லைன்னு சொன்னா இல்லாமலே போயிடும்னு."

டீச்சர் அவன் பக்கத்தில் ஜல்லி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவர் பார்த்த பெரியவர் செத்துப் போனவர்தானே?" என்று கேட்டான். "அவரோட சேர்ந்து அவ நின்னிருக்கான்னா?"

டீச்சர் அவன் தோளில் கை வைத்துவிட்டு எழுந்து, விறுவிறுவென்று அறைக்குத் திரும்பினாள். வட்டத் தலைவர் மண்டபத்தைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தார். போதகர் அங்கியைக் கழற்றாமல் நின்றிருந்தார்.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள். "பின்னால யார் இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியும். அதனாலதான் தலையைத் தூக்கல."

போதகர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கூரை போட்டதுக்கு அப்புறம் ஆரம்பிச்சுது. முதல்ல மணியடிக்கிற பெரியவர் மட்டும். ஒருநாள் பிரசங்கத்தைப் பாதியில நிறுத்திட்டுத் தலை சுத்துதுன்னு சொன்னேனே, அன்னிக்கு. அப்புறம் ஒவ்வொருத்தரா வந்தாங்க. முன்னால இருக்கறவங்க குறையக் குறைய, பின்னால கூடுது. நான் அடக்கம் பண்ணினவங்கதான் எல்லாரும். ஒண்ணும் பண்றதில்லை. நிக்கறாங்க, பாடறாங்க. எனக்குத்தான் நாக்கு ஒட்டிக்குது. அதனால பின்னால பார்க்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ திரும்பிப் பார்ப்ப. அப்புறம் கீபோர்டு யார் வாசிப்பா?"

வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

"சின்னவளைப் பார்த்தீங்களா?"

"இன்னிக்கு நான் பார்க்கவே இல்லை. சத்தியமா இல்லை. அவ குரல் கேட்டதும் கண்ணை மூடிக்கிட்டேன்." அவர் குரல் இறங்கியது. "அவரு நிறைய ஆள் இருக்குன்னு நினைச்சுட்டார். நான் பேசாம இருந்தா சபை பிழைச்சுக்கும். அதுக்காகத்தான் வந்திருக்காங்களோன்னுகூட ஒரு நிமிஷம் தோணுச்சு, டீச்சர்."

கோபமில்லாமல் அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"பிழைச்சுக்கும். ஆனா நீங்க அடுத்த வாரம் பீடத்துல நிக்க முடியாது," என்றாள் அவள்.

 போதகர் எழுந்து வெளியே போனார். அவள் கூடவே போனாள்.

வட்டத் தலைவர் காரின் கதவைத் திறந்துவிட்டிருந்தார்.

"ஐயா, ஒரு நிமிஷம்," என்றார் போதகர். "எங்க சபை, முன்னால உக்காந்திருந்தவங்க மட்டும்தான். பின்னால நின்னவங்க யாரும் உயிரோட இல்லை."

டீச்சர் எதிர்பார்த்தது ஒரு சிரிப்பையோ, ஒரு முறைப்பையோ. வட்டத் தலைவர் கார்க் கதவைச் சாத்திவிட்டு, அதில் சாய்ந்து நின்றார். புத்தி கெட்டுப்போனவனைப் பார்ப்பதுபோலப் பார்க்கவில்லை. யோசித்தார்.

"அந்தப் பெரியவர் என்னைப் பார்த்தார், ஆனா கண்ணைச் சிமிட்டவே இல்லை," என்றார் கடைசியில். "வயசானவங்க அப்படித்தான்னு நினைச்சேன். நான் ஒரு தடவை குனிஞ்சு நிமிர்ந்தேன், யாருமே இல்லை. அவ்வளவு பேர் எப்படி வெளிய போனாங்கன்னு அப்பவே கேட்டுக்கிட்டேன்." பிறகு தலையை அசைத்தார். "ஆனா அந்தப் பொண்ணை அதுல சேர்க்காதீங்க."

"ஏன்?" என்றாள் டீச்சர்.

"அது அப்படிக் காணாமப் போகல. ஆசீர்வாதம் சொல்றதுக்கு முன்னாடியே, குனிஞ்சு செருப்பை மாட்டிக்கிச்சு. கயிற்றைத் தூக்கிட்டு, வாசல்ல உக்காந்து, கையை ஊனி மெதுவா இறங்கிச்சு. முட்டியில அடிபட்டிருக்கும்போல, நொண்டிக்கிட்டே போச்சு. அதுக்கு அவங்க யாரும் கூட நிக்கறதே தெரியலன்னு நினைக்கறேன். முன்னால உங்க முதுகையேதான் பார்த்துக்கிட்டிருந்துச்சு, அம்மா."

ஜல்லிக் குவியலிலிருந்து இளையவன் எழுந்து வந்திருந்தான்.  முகப்பு வாசலுக்கு ஓடினான்.

வாசல் விளிம்பில் அவன் அன்று விடிகாலையில் பூசிய சிமெண்ட் இன்னும் சரியாக இறுகவில்லை. அதில் ஒரே ஒரு செருப்புத் தடம், வெளியே பார்த்தபடி. குதிகாலின் ஒரு பக்கம் தேய்ந்து சரிந்த தடம். அவன் அதைத் தொடாமல், மேலே கையை விரித்துப் பிடித்துப் பார்த்தான்.

"அவ நடைதான் அண்ணி. எத்தனை செருப்பு வாங்கினாலும் ஒரே பக்கம்தான் தேய்ப்பா."

உடனே வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் பறந்தான்.

வட்டத் தலைவர் காரில் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியை இறக்கினார்.

"என்ன எழுதறதுன்னு எனக்குத் தெரியல, போதகர் ஐயா. எழுத வேண்டியது ஆள் எண்ணிக்கை. அதை எப்படி எழுத? அடுத்த வாரம் மறுபடி வர்றேன். எனக்கு முன்னால நாற்காலி போடாதீங்க. நான் பின்னால உக்காந்துக்கறேன்."

சபை கலைந்தது. பொழுது சாய்கிற வேளையில்தான் இளையவன் திரும்பி வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பஸ் நிறுத்தத்தில் பூக்கடைக்காரம்மா அவளைப் பார்த்திருக்கிறாள். நொண்டிக்கொண்டு வந்து பஸ் ஏறினாளாம். எந்தப் பஸ் என்று பூக்காரம்மா கவனிக்கவில்லை. அந்த வழியாக இரண்டு ஊர்களுக்குப் பஸ் போகும். இரண்டு ஊருக்கும் போய் வந்துவிட்டான். காலையில் மறுபடி போவானாம்.

"கூப்பிட்டிருந்தா நின்னிருப்பா," என்றான். "கீழதான் இருந்திருக்கா அண்ணி. நான் மேலயே நின்னுக்கிட்டிருந்தேன்."

டீச்சர் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு அவன் வெளியே போகவில்லை. பக்கவாட்டுக் கதவு வழியாக மண்டபத்துக்குள் ஏறினான். முன்வரிசையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், சின்னவள் நின்ற இடத்தில், முகப்பு வாசலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். டீச்சரும் ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிமெண்ட் குளிர்ச்சி பாதங்களில் ஏறியது. 

பீடத்து விளக்கை அணைக்க வந்த போதகர் அவர்களைப் பார்த்து நின்றார். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு தலையை நிமிர்த்தி, மண்டபத்தின் கடைசி வரைக்கும் பார்த்தார். அவர் கண்கள் தம்பி மேல் நின்றன. பிறகு தம்பிக்கு இடது பக்கம் போயின. வலது பக்கம் வந்தன. மெல்ல, ஒவ்வொரு முகமாகப் பார்ப்பதுபோல.

அவர் முகத்தில் இப்போது பயம் இல்லை. அதுதான் டீச்சருக்குப் பயமாக இருந்தது.

"தம்பி," என்றார் போதகர், ஆராதனையில் பேசுகிற அதே நிதானமான குரலில். "நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கோ. உனக்குப் பின்னால ஒருத்தர் உக்கார இடம் கேக்கறார்."